அறந்தாங்கிக்கு இன்னொரு வழி

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் பாடம் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. லேபில் இருப்பதோ இரண்டு சுவிட்ச், ஒரு ரூட்டர். அந்த ரூட்டரும் பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும் என்று பீரோவுக்குள். கொட்டேஷன் வாங்கி அனுப்பிவிட்டு, சாமான் வந்ததும் செய்முறை வகுப்பைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அடுத்த வாரமே தொடங்குங்கள். கெடுத்துப் பார்க்காமல் நெட்வொர்க்கிங் வராது. பூட்டி வைத்த ரூட்டரில் எதைக் கெடுப்பீர்கள்? புதிதாக வரப்போகிற ரூட்டரைத்தான் கெடுக்க விடுவார்களா?

கிடைத்ததை வைத்துத் தொடங்கலாம் என்பதைப் புதுக்கோட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து நம் மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கணினிக்குள்ளேயே மென்பொருளால் அமைக்கும் மெய்நிகர் லேபும் அப்படித்தான். அசலுக்குப் பதிலாக எடுப்பதுதான், ஆனால் அசலில் இல்லாத ஒரு வசதி அதில் இருக்கிறது: எத்தனை முறை உடைத்தாலும் செலவில்லை.

உங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கும். அண்ணனுடையதோ அக்காவுடையதோ. 2011இல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் வந்தவற்றில் ராம் 2 ஜிபி, பிறகு வந்தவற்றில் 4 ஜிபி. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கணினிகளில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு மூன்று நான்கு மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டப் பார்த்தால் மூச்சு வாங்கும். ஆகவே ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரம் போதும். டெஸ்க்டாப் வேண்டாம், கறுப்புத் திரை மட்டும். ஆல்பைன் மாதிரிச் சிறிய லினக்ஸ் ஒன்றின் கோப்பு 100 எம்பிகூட வராது. ஒருவர் இறக்கிப் பென் டிரைவில் வகுப்புக்கே கொடுத்துவிடலாம். யாருடைய டேட்டாவும் தீராது. இயந்திரம் கிளம்ப மறுத்தால் முதலில் பயாஸில் போய் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த ஒரு லினக்ஸுக்குள் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை உருவாக்குங்கள். ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனி முகவரி, தனி ரூட்டிங் டேபிள், தனி ஃபயர்வால். கெர்னல் ஒன்றுதான் என்பதால் பத்துப் பதினைந்து ‘கணினிகள்’ 2 ஜிபியிலும் சிரமமில்லாமல் ஓடும். 2010இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட மினிநெட் என்ற கருவி இந்த வசதியின் மேல் கட்டியதுதான். ஆனால் மினிநெட்டைப் பிறகு காட்டுங்கள். எல்லாவற்றையும் அதுவே செய்து கொடுத்துவிடும். பிள்ளைகள் முதலில் கையால் தட்டட்டும்.

தட்டினால் என்ன ஆகும் தெரியுமா? புதிய நேம்ஸ்பேஸில் முகவரி கொடுத்துவிட்டு, தன் முகவரிக்கே பிங் அடிப்பார்கள். போகாது. வகுப்பே குழம்பும். காரணம், அங்கே லூப்பேக் அணைந்த நிலையில்தான் பிறக்கிறது. தனக்குத் தானே அனுப்பும் பாக்கெட்டும் லூப்பேக் வழியாகத்தான் போகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், இப்படி முட்டிக்கொண்டால் மறக்காது. அதற்குள் நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் தவிக்கட்டும்.

அடுத்த தவிப்பு, நடுவில் ஒரு ரூட்டர் வைக்கும்போது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிங் அடித்தால் பதில் வராது. உடனே ‘சார், போகல’ என்பார்கள். போகவில்லையா, போய்த் திரும்பவில்லையா? அந்தக் கோடியில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்ததை வயர்ஷார்க்கில் திறந்தால், பல சமயம் கேள்வி வந்து சேர்ந்திருப்பது தெரியும். பதில் சொல்ல அங்கே திரும்பும் பாதை எழுதப்படவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போன இடத்திலும் இந்தக் கோளாறு அவர்களை அடிக்கடி சந்திக்கும்.

இனி, நான் மிகவும் விரும்பும் பயிற்சி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. கீரமங்கலம் பக்கம் தென்னைகள் விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. உங்கள் மாணவர்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள், நினைவிருக்கும். அந்த நாளை லேபுக்குள் கொண்டுவர, அவர்களை நான்கு நேம்ஸ்பேஸ் உருவாக்கச் சொல்லுங்கள்: புதுக்கோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு நேராக ஒரு இணைப்பு. ஆலங்குடி, கீரமங்கலம் சுற்றி இன்னொன்று. ஒவ்வொரு ஊரிலும் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரூட்டிங் மென்பொருள், அதில் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை. பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். இப்போது நேர் இணைப்பை அணைக்கச் சொல்லுங்கள். சட்டென்று மறு வழிக்கு மாறிவிடும். வகுப்பு கைதட்டும். நீங்கள் தட்டாதீர்கள். இந்த மெய்நிகர் கம்பியில் ஒரு முனையை அணைத்தால் மறு முனைக்கும் அது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. வெளியில் எல்லா உடைப்பும் இப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சில சமயம் விளக்கு பச்சையாகவே எரியும், பாக்கெட் மட்டும் போகாது. அப்படியொரு கோளாறை உண்டாக்க லினக்ஸிலேயே நெட்எம் என்ற வசதி இருக்கிறது. இணைப்பை அணைக்காமல் இரு முனையிலும் நூற்றுக்கு நூறு இழப்பு என்று வையுங்கள். இப்போது பிங் நின்றுவிடும். பத்து விநாடி, இருபது, முப்பது... ஏறக்குறைய 40 விநாடி வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஓஎஸ்பிஎஃப் 10 விநாடிக்கொரு முறை ‘இருக்கிறாயா’ என்று விசாரிக்கும்; 40 விநாடி குரல் வராவிட்டால்தான் பக்கத்து ஊர் போய்விட்டது என்று முடிவுகட்டும். பிறகு கீரமங்கலம் வழியாகப் பிங் ஓடத் தொடங்கும். அந்த 40ஐ 4 ஆக்கினால் என்ன, ஏன் எல்லோரும் அப்படி வைப்பதில்லை என்று அவர்களே கேட்பார்கள். அதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.

சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிசிஎன்ஏ தேர்வு எழுதப் போகிறவர்களுக்குக் கொடுங்கள், இலவசம்தான். ஆனால் அது பாவனை. அதற்குள் எழுதி வைத்த கட்டளைகள் மட்டுமே அதற்குத் தெரியும், எதிர்பாராத விதத்தில் கெட அதற்குத் தெரியாது. ஜிஎன்எஸ்3 நல்ல கருவி. ஆனால் அதில் போட சிஸ்கோ ஐஓஎஸ் கோப்பைக் கள்ளத்தனமாக இறக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். பதினெட்டு வயதில் ஆசிரியரிடமிருந்து கற்கும் பழக்கம் அது ஆகிவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் ‘பிரிட்ஜ்டு’ வைக்காதீர்கள், ‘இன்டர்னல்’ வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாணவர் பயிற்சிக்குக் கிளப்பும் டிஹெச்சிபி சர்வர், முதல்வர் அறைக் கணினிக்கும் முகவரி கொடுக்கக் கிளம்பிவிடும். மறுநாள் உங்கள் லேபுக்கே பூட்டு. இயந்திரத்தை நகல் எடுக்கும்போது மேக் முகவரியைப் புதிதாக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

எல்லாம் திரைக்குள்ளேயே இருந்துவிடவும் கூடாது. ஒரு கிரிம்பிங் டூல், கொஞ்சம் கேட்5இ கேபிள், ஒரு பாக்கெட் ஆர்ஜே45 வாங்குங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று எட்டு இழையையும் வரிசை பிடித்துச் செருகும்போதுதான் கம்பி என்பது கம்பி என்று தெரியும். ஃபைபர் வந்த பிறகு கேபிள்காரர்களிடம் பழைய வைஃபை ரூட்டர்கள் குவிந்து கிடக்கும், கேட்டுப் பாருங்கள். அவற்றில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸை ஏற்ற நினைத்தால் 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ராம் குறைந்தபட்சம் வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் மட்டுமே இருக்கும் பெட்டிகளில் புதிய பதிப்பு ஏறாது. அவற்றைத் திறந்து உள்ளே காட்டுங்கள், அதற்கு உதவும்.

ரெக்கார்டு நோட்டு, எக்ஸ்டர்னல், பாடத்திட்டத்தில் உள்ள பத்துச் செய்முறை எல்லாம் உண்டு, அதில் குறை வைக்க முடியாது. அதை முடித்துவிட்டு மாதத் தேர்வை மட்டும் இப்படி வையுங்கள்: இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் மற்றவரின் நெட்வொர்க்கில் ஒரே ஒரு கோளாறு வைக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்கு ஐந்து மதிப்பெண், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதுவதற்குப் பத்து. மடிக்கணினி இல்லாத பிள்ளைகளை மற்றவர் பக்கத்தில் வேடிக்கை பார்க்க உட்கார வைக்காதீர்கள். முதல் முறை கீபோர்டு அவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்