புள்ளிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் சிலர் சும்மா கிடக்கும் எங்கள் கணினி நேரத்தை பாயிங்க் மென்பொருள் வழியாக ஐன்ஸ்டைன் அட் ஹோம் போன்ற ஆய்வுத் திட்டங்களுக்குக் கொடுக்கிறோம். அந்த வேலைக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் குழுவுக்காகத் தொகுக்கும் தரவுத்தளம் என் பொறுப்பு. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்லச் சில விஷயங்கள் உண்டு.

திட்டத்தின் பயனர் பக்கங்களை நிரல் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து எண்களை எடுக்கவே கூடாது. யாருக்கு எந்த வேலை போனது, வந்த விடை சரியா என்று கவனிக்கும் அதே மைசீக்குவல் தரவுத்தளம்தான் அந்தப் பக்கங்களுக்கும் பதில் சொல்கிறது. செட்டி அட் ஹோம் போன்ற பெரிய திட்டமே செவ்வாய்தோறும் சேவையை நிறுத்தி, தரவுத்தளத்தைச் சீராக்கி நகலெடுக்க வேண்டியிருந்தது. நாம் தரவரிசை பார்க்கும் ஆசையில் ஆய்வைத் தாமதப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இதற்காகவே திட்டங்கள் பயனர், குழு, கணினி விவரங்களைச் சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்புகளாக வெளியிடுகின்றன. கூடவே வரும் சின்னக் கோப்பில் புதுப்பித்த நேரம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். நேரம் மாறவில்லையென்றால் பெரிய கோப்பைத் தொட வேண்டாம். இறக்கிய கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் வரி வரியாகப் படித்து, உங்கள் குழுவினரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிக அட்டவணையில் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் எழுதி, முடிந்ததும் பழைய அட்டவணையோடு பெயரை மாற்றிவிட்டால் பார்வையாளருக்குத் தடங்கலே தெரியாது.

நம் தரவுத்தளத்தின் சுமை உண்மையில் குறைவது அண்மைச் சராசரிப் புள்ளியைக் கையாளும் விதத்தில்தான். பாயிங்கில் புதிய புள்ளி வராவிட்டால் அது ஒரு வாரத்தில் பாதியாகத் தேயும். கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் பலர் கணினியை அணைத்துவிடுவார்கள். 8,000 இருந்தவருக்கு அடுத்த வாரம் 4,000, அதற்கடுத்த வாரம் 2,000. எதுவுமே நடக்காத அந்தக் கணக்குகளை தினமும் திருத்தி எழுதுவது வீண் வேலை. சராசரியும் அது கணக்கிடப்பட்ட நேரமும் கோப்பிலேயே வருகின்றன. இரண்டையும் அப்படியே வைத்திருந்து, யாராவது கேட்கும்போது தேய்மானத்தைக் கழித்துக் காட்டினால் போதும். தரவரிசையை மட்டும் கோப்பு ஏறியதும் ஒருமுறை போட்டு வையுங்கள்.

அடுத்தது, தினசரி வித்தியாசத்தைச் சேமிக்காதீர்கள். மொத்தப் புள்ளியைச் சேமியுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபின் சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிச் சில நாள் விட்டுப்போனாலும் அடுத்த கோப்பில் மொத்தம் சரியாகவே வரும். விடுபட்ட நாட்களுக்கு வித்தியாசத்தைச் சமமாகப் பங்கிட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. நான் வரைபடத்தில் இடைவெளியாகவே விடுகிறேன்; அந்த நாட்களில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாதல்லவா?

பழைய பதிவுகளை மாத வாரியாகப் பிரித்து வைத்தால், வேண்டாத மாதத்தை ஒரே கட்டளையில் நீக்கலாம். வரி வரியாக அழிப்பது வட்டைப் பாடாய்ப்படுத்தும். கணக்கை மூடியவர்களின் பட்டியலும் சில திட்டங்களிலிருந்து தனிக் கோப்பாக வருகிறது. மற்ற எதையும் ஏற்றுவதற்கு முன் அதைப் படித்து, அவர்களின் பெயர்களைப் பழைய மாதங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.