தோலில் காரணம் தெரியாத நிறமாற்றமா? இரத்தத்தையும் சோதியுங்கள்!



தோலில் நிறம் மாறினால் "உடம்புச் சூடு" என்கிறோம். கரு கலைந்தால் "சாமி குத்தம்" என்கிறோம். சில பெண்களுக்கு இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது இரத்தத்தில் இருக்கிறது.

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. சிலருக்கு, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, அவை சொந்த உடலையே தாக்கும். இதனால் இரண்டு கோளாறுகள் வரலாம்.

1. இரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைதல்

கால், தொடை, கைகளில் மீன்வலை போல் நீலம் கலந்த சிவப்புக் கோடுகள் தோன்றும். கறுத்த தோலில் இவை கருங்கோடுகளாகத் தெரியலாம். மார்கழிக் குளிரில் தோன்றி வெயில் பட்டதும் மறைந்தால் பெரும்பாலும் பயமில்லை. மறையாமல் நின்றால் கவனம் தேவை. இக்கோளாறு நஞ்சுக்கொடியைப் பாதித்தால் கரு தங்காது. லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் இந்நோயை விவரித்தார். இதன் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம்.

2. தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசிதல்

விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே ரத்தக்கட்டு, ஈறில் கசிவு, மிகுந்த மாதப்போக்கு ஆகியவை அறிகுறிகள். கூடவே காய்ச்சல் இருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

யார் சோதிக்க வேண்டும்?

மேற்கண்ட அறிகுறி உள்ளவர்கள், இரண்டு மூன்று முறை கரு கலைந்தவர்கள், மூன்று மாதம் தாண்டிய கருவை இழந்தவர்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையானால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதிர்ப்புப் பொருள் சோதனையை 12 வாரம் கழித்து மறுபடியும் செய்தால்தான் உறுதியாகும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் "கிரிவலம் சுத்தின அசதி" என்று எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சை உண்டா?

உண்டு. உறைதல் கோளாறுள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருகிறார்கள். இதனால் பல தாய்மார்கள் நல்லபடி பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். தட்டணு குறைந்தவருக்கு அதுவே ஆபத்து.

மாலா மாத்திரை எடுக்கும் முன்

மாலா-என் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்த உறைவைக் கூட்டும். வலைக்கோடுகளோ, கால் நரம்பில் இரத்தக்கட்டியோ, தொடர்ந்து கரு கலைதலோ இருந்தால் நர்சம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். தட்டணு குறையாதவர்கள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். கணவர் நிரோத் அணிவதில் இந்த ஆபத்து இல்லை.

கணவன்மார்களே! கரு தங்காதது மனைவியின் குற்றமல்ல. அதற்காக அவரைப் பழிப்பதும், வேறு பெண் பார்ப்பதும் நியாயமல்ல. இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்கு வாருங்கள்.

காலத்தில் சோதிப்போம்! தாயையும் சேயையும் காப்போம்!