ஒரு செய்தி, மூன்று வடிவங்கள்

வரிகள் குறுகியிருந்தால் கவிதை, நீண்டிருந்தால் உரைநடை, உரையாடல் அமைந்திருந்தால் நாடகம் என்று சிலர் எண்ணுவர். அது புறத்தோற்றத்தை மட்டும் கண்டு கூறும் முடிபு. உண்மையில் இம்மூன்றும் செய்யும் தொழில்கள் வெவ்வேறு. ஒரே செய்தியைக் கொண்டு அவ்வேறுபாட்டை அறிவோம்.

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கு 1940ஆம் ஆண்டில் காந்தி நிகேதன் ஆசிரமம் நிறுவப்பெற்றது. கைத்தொழில் வழியே அறிவை வளர்ப்பது காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி. செய்து கற்பதே அதன் உயிர். நாமும் எழுதிப் பார்த்தே கற்போம். அவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆதலின், மழையின்மையையே நம் செய்தியாகக் கொள்வோம்.

முதலில் உரைநடை:

"ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தல் வேண்டும். அது பொய்த்தால் கிணறுகளில் நீர் ஊறாது. மானாவாரிப் பயிர்கள் கருகிவிடும்."

இங்குக் காலமும் காரணமும் விளைவும் வரிசையாக நிற்கின்றன. தெளிவே உரைநடையின் அழகு.

இனிக் கவிதை:

வாய்பிளந்து வானோக்கும் வறண்ட கரிசல்;
தாய்முகத்தைச் சேய்நோக்கும் தன்மை போலே.

கரிசல் மண் காய்ந்தால் வெடிப்பு விடும். அவ்வெடிப்பே வாயாயிற்று, வானம் தாயாயிற்று. மழை எப்போது பொய்த்தது என இவ்வடிகள் கூறவில்லை. ஆயினும், நிலத்தின் பசியை நாம் உணர்கின்றோம். எதுகையும் மோனையும் அவ்வுணர்வை நெஞ்சில் நிறுத்துகின்றன.

இறுதியாக நாடகம்:

(கிணற்றடி. மகள் கயிற்றை இழுக்கிறாள்.)
மகள்: அம்மா, வாளியில் சேறுதான் வருகிறது.
தாய்: இன்னும் ஒரு முறை இறக்கிப் பார், கண்ணு.
மகள்: நேற்றும் இதைத்தானே சொன்னாய்?
(தாய் மறுமொழி கூறாமல் குடத்தைக் கவிழ்த்து வைக்கிறாள்.)

தாய் துயருற்றாள் என்று எவரும் கூறவில்லை. கவிழ்த்த குடமே அதனைக் கூறிவிடுகிறது. நாடகத்தில் செய்தி நம் கண்முன் நிகழ்கிறது.

நம் முன்னோர் தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர். செய்யுளும் உரைநடையும் இயலுள் அடங்கும். முத்தமிழும் விரவிய காப்பியம் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம். அதனை உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் கானல்வரியில் இசை பொங்குகிறது. வழக்குரை காதையில் கண்ணகியும் பாண்டியனும் நேர்நின்று உரையாடுகின்றனர். அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துகள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம்! செய்யுளாயினும் அஃது ஒரு நாடகக் காட்சியே. அந்நூலின் முற்பகுதியில் உள்ள உரைபெறு கட்டுரையோ உரைநடையாய் அமைந்தது. கண்ணகி வழக்கிற்குப்பின் பாண்டிய நாடு மழையின்றி வறுமையுற்றதையும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்கு விழாவெடுத்தபின் மழை பெய்ததையும் அது சுருங்கக் கூறுகிறது. வழக்கைக் காட்சியாகக் காட்டிய அந்நூல், வறட்சியைச் செய்தியாகத் தந்தமை காண்க.

பிற்காலத்தில் சங்கரதாச சுவாமிகள் (1867–1922) இக்கதையை மேடை நாடகமாக்கினார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் நாடக சபையில் சிறுவர்களே நடிகர்கள். எழுத்தறியாதவரும் அத்தகைய மேடைகளின் வாயிலாகக் கண்ணகியை அறிந்தனர்.

ஆகவே, இம்மூன்றனுள் எது உயர்ந்தது என்று வினவுதல் தகாது. எங்கு எது தேவை என்று வினவுதலே தகும். வற்றிய கிணற்றை ஆழப்படுத்தித் தருமாறு விண்ணப்பம் எழுதுபவர் உரைநடையையே நாடவேண்டும். அதில் அளவும் நாளும் இல்லையேல் பயனில்லை. அத்துயரைத் தொலைவிலுள்ளோர் நெஞ்சில் பதிக்கக் கவிதை வேண்டும்; ஊர் கூடிக் கண்டு உணர நாடகம் வேண்டும். கருத்திற்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவரே நல்ல எழுத்தாளர் ஆவர்.

பயிற்சி

1. தாயின் துயரை நாடகம் எவ்வாறு உணர்த்துகிறது?
2. உரைபெறு கட்டுரை கூறும் செய்தி யாது?
3. உங்கள் ஊரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை மூன்று வடிவங்களிலும் எழுதுக.