துண்டுச் சார்புகளும் கணிப்பொறியும்

கணிதம் பயிலும் நண்பர்களை மிரட்டும் பகுதிகளுள் ஒன்று, 'கன்வொலூஷன்' என்பது. இடத்துக்கிடம் சூத்திரம் மாறும் துண்டுச் சார்புகள் அதில் வந்துவிட்டாலோ, அச்சம் இரட்டிப்பாகிறது. "கணிப்பொறி இருக்கக் கையால் ஏன் போட வேண்டும்?" என்று இளைய மாணவர் சிலர் என்னைக் கேட்டனர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

மாட்டுங்கா நிலையத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. எளிமைக்காக, 600 பேர் ஒரு நிமிடத்தில் ஒரே சீராக இறங்குகின்றனர் என்க. வாயிலருகே இறங்கியவர் உடனே தெருவை அடைவார். கடைசிப் பெட்டியில் வந்தவருக்கு 2 நிமிடமாகும். இடைப்பட்ட எந்நேரத்துக்கும் சம வாய்ப்பு உண்டு. தெருவுக்கு நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்வர்?

முதற்சார்பு, 0 முதல் 1 வரை 600. பிற இடங்களில் சுழி. இரண்டாவது, 0 முதல் 2 வரை 1/2. பிற இடங்களில் சுழி. இரண்டாவதைத் திருப்பிப் போட்டு, முதலாவதன் மேல் மெல்ல நகர்த்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளத்தை 600 × 1/2, அதாவது 300 ஆல் பெருக்கினால் விடை. நேரத்தை 'ந' என்போம்.

0 முதல் 1 வரை: 300ந
1 முதல் 2 வரை: 300
2 முதல் 3 வரை: 300(3 − ந)

விடை மாறும் இடங்களைக் கவனியுங்கள். முதற்சார்பின் எல்லைகள் 0, 1. அடுத்ததன் எல்லைகள் 0, 2. இவற்றை ஒன்றோடொன்று கூட்டினால் 0, 1, 2, 3. இவ்விடங்களை முதலிலேயே குறித்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. வரைபடத்தின் பரப்போ 150 + 300 + 150 = 600. இறங்கியவர் அனைவரும் வெளியேறிவிட்டனர்!

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் ஸைலாப் மென்பொருளில் 'கன்வ்' என்ற கட்டளை உண்டு. நிமிடத்தை 100 கூறாக்கி, முதற்சார்புக்கு 100 எண்களும் அடுத்ததற்கு 200 எண்களும் கொடுத்தால் 299 எண்கள் வரும். அவற்றுள் மிகப் பெரியது 30,000! அறுநூறு பேர் இறங்கிய வண்டியிலிருந்து நிமிடத்துக்கு முப்பதாயிரம் பேரா?

கணிப்பொறி பொய் சொல்லவில்லை. அது எண்களைப் பெருக்கிக் கூட்டியது, அவ்வளவே. தொகையீட்டுக்குக் கூற்றின் அகலமும் வேண்டும். 1/100 ஆல் பெருக்குங்கள், 300 கிடைக்கும். சேஜ்மேத் மென்பொருளோ துண்டுச் சார்புகளைச் சூத்திரங்களாகவே ஏற்று, விடையையும் துண்டு துண்டாகத் தரவல்லது. அங்கும் எல்லைகளைச் சரியாகக் கொடுப்பது நம் பொறுப்பே.

பயில்வதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பொவாய் ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம் ஸைலாபைப் பரப்பி வருகிறது. அங்குத் தோன்றிய ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் உள்ளன. தாராவியிலோ செம்பூரிலோ வீட்டிலிருந்தபடியே கற்கலாம்.

ஆகவே நண்பர்களே, பொறியை நன்றாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எல்லைகளையும் பரப்பையும் முதலில் தாளில் எழுதி வையுங்கள். விடை சரியா என்று கேட்கும் உரிமை, அப்பொழுதுதான் நமக்கு உண்டு.