இரண்டு குடம் கசிவு: ஓர் ஆய்வகம் சொல்லும் பாடம்

சாயப்பட்டறையும் தோல் தொழிற்சாலையும் தண்ணியைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். படித்தவர்கள் நிறைந்த அறிவியல் ஆய்வகம் கெடுக்குமா? கெடுக்கும். அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம்.

நியூயார்க் பக்கம் லாங் தீவில் 1947-ல் தொடங்கியது புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். நோபல் பரிசு பெற்ற ஆய்வுகள் நடந்த இடம். அந்தப் பகுதி மணல் பூமி. மேலே எதை ஊற்றினாலும் கீழே இறங்கிடும். மக்கள் குடிப்பதும் நிலத்தடி நீரைத்தான். அதே மாவட்டத்தில் உருளைக்கிழங்கு வயலுக்குப் போட்ட ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி, 1979-லேயே கிணறுகளில் தெரியவந்தது. ஆக, மண் முன்னாடியே எச்சரித்துவிட்டது.

ஆய்வகத்தில் ஓர் அணு உலை. பயன்படுத்தி முடித்த எரிபொருளைப் போட்டுவைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி கசிந்தது. கசிந்த நீரில் இருந்தது டிரிட்டியம், அதாவது கதிர்வீச்சு உள்ள ஹைட்ரஜன். அது தண்ணீரோடு தண்ணீராகவே போகும். வடிகட்டிப் பிரிக்க முடியாது.

நாளைக்கு எவ்வளவு கசிந்தது? சுமார் 23 முதல் 34 லிட்டர். ரெண்டு மூணு குடம்தான்! ஆனால் ஏறக்குறைய 12 ஆண்டுகள் கசிந்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 1997 ஜனவரியில்தான் விசயம் வெளியே வந்தது. குடிநீருக்கு அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு டிரிட்டியம் அங்கே நிலத்தடி நீரில் இருந்தது.

ஏன் இத்தனை தாமதம்? தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால், ஆவியாகிப் போனது என்று கணக்கு எழுதினார்கள். உலைக்குப் பக்கத்தில் சோதனைக் கிணறு போடுவதாக மாவட்ட நிர்வாகத்திடம் ஒத்துக்கொண்டும், அவசரமில்லாத வேலை என்று தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கிணறு போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது.

அந்த டிரிட்டியம் வேலி தாண்டி மக்களின் கிணறுகளுக்குப் போகவில்லை. ஆனால் நம்பிக்கை போய்விட்டது. 50 ஆண்டுகளாக ஆய்வகத்தை நடத்திய அமைப்பின் ஒப்பந்தத்தை 1997 மே மாதம் அரசு ரத்து செய்தது. 1999-ல் உலையை நிரந்தரமாக மூடும் முடிவு வந்தது. ஊர் மக்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது.

இதில் நமக்கு மூன்று பாடம்:

1. கசிவு சிறிதா பெரிதா என்பதைவிட, எத்தனை நாள் கசிந்தது என்பதே முக்கியம்.

2. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. "பாதிப்பு இல்லை" என்று யாராவது சொன்னால், "எங்கே, எப்போ சோதிச்சீங்க?" என்று கேளுங்கள்.

3. சோதனை முடிவு அலமாரியில் இருக்கக் கூடாது. அண்டை ஊருக்குத் தெரியணும்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஆராய்ச்சி நிலையமோ கல்லூரி ஆய்வுக்கூடமோ இருக்கிறதா? அதன் கழிவு எங்கே போகிறது, சோதனைக் கிணறு உண்டா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். அறிவியல்மேல் கோபப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. அளந்து பார்ப்பதுதானே அறிவியல்? அதைத் தன் கழிவுக்கும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.