உறங்கிய சிறுவன்

ஆங்கில நாட்டு மழலைப் பாடல்கள் பெரும்பாலும் சில அடிகளே கொண்டவை. அவற்றைத் தொலைக்காட்சியில் பாவைக்கூத்தாக ஆக்கப் புகுவார்க்கு அச்சுருக்கமே பெருந்தடை.

நீல உடைச் சிறுவனைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. மாடுகள் பயிரிற் புகுந்து மேய்கின்றன. காவற்சிறுவனோ வைக்கோற்போரின் அடியில் உறங்குகின்றான். ஏன் உறங்கினான்? பாட்டு அதனைக் கூறுவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் பாம், 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இத்தகைய 22 பாடல்களுக்குக் கதை புனைந்தார். அவர் கண்ட சிறுவன் சோம்பேறி அல்லன். கைம்பெண்ணாகிய அவன் தாய் கால் முறிந்து கிடந்தாள்; இரவெல்லாம் கண் விழித்து அவளைப் பேணினான். ஆயினும், உழைத்தால்தான் இருவர்க்கும் உணவு. ஆதலின் விடிந்ததும் காவலுக்குச் சென்றான், அயர்ந்து வீழ்ந்தான். இதனை அறிந்தபின் அப்பாட்டைக் கேட்கும் குழந்தை, அவனை எழுப்ப வேண்டா என்றே எண்ணும். நூலிலுள்ள எல்லாக் கதைகளும் இவ்வளவு உருக்கமானவை அல்ல என்பதும் உண்மையே.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றபின், பாவைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் குழுவினர் இந்நூலைத் தழுவித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஆக்கினர். அதில் தாய் வாத்து தன் மூன்று குஞ்சுகளுக்குக் கதை சொல்லும். வினவுதற்குக் குஞ்சுகள் இருத்தலால், பாட்டு விடுத்த இடத்திலிருந்து கதை இயல்பாகத் தொடங்குகிறது. ஹென்சன் வகுத்த முறையில், பாவையை ஆட்டுவோர் படத்தில் விழாதவாறு கீழே மறைந்து, கையை உயர்த்தி, எதிரிலுள்ள சிறு திரையைப் பார்த்தே அதனை இயக்குவர். பாவையின் முகம் மென்மையான நுரைப்பொருளால் ஆயது. உள்ளிருக்கும் விரல் சற்று மடங்கினும் முகக்குறிப்பு மாறிவிடும்.