மூன்றாம் வரிசையும் ஏழாண்டுக் கடனும்: புதிய குடும்ப வண்டியை எடைபோடுவது எப்படி?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பொங்கலும் கோடை விடுமுறையும் குலதெய்வ வழிபாடும் ஓசூர்ச் சாலையில் தொடங்குகின்றன. கணவன், மனைவி, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் என ஆறு பேர் சேர்ந்துவிட்டால் ஐந்து இருக்கைக் கார் போதாது. மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வண்டிக்கு, அதாவது விற்பனையாளர்கள் எம்.பி.வி. என அழைக்கும் பல்பயன் வண்டிக்கு, இந்நகரில் எப்போதும் தேவை இருப்பதன் காரணம் இதுவே.

அத்தகைய வண்டி ஒன்று புதிதாக அறிமுகமாகும்போது, அது வாங்குவோரைக் கவருமா என்ற கேள்வி தயாரிப்பு நிறுவனத்துக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கடன் பெற்று வாங்கும் வாடிக்கையாளரையும் அக்கேள்வி நேரடியாகத் தொடுகிறது. கார்க் கடன் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நீள்கிறது. சந்தையில் வேரூன்றாத வண்டியோ மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே விலக்கிக்கொள்ளப்படலாம். வண்டியின் விற்பனை நின்ற பின்னும் மாதத் தவணை நிற்பதில்லை. எனவே, ஒரு புதிய குடும்ப வண்டி நிலைக்குமா என்பதை முன்கூட்டியே மதிப்பிடும் முறையையும், அம்மதிப்பீடு பொய்த்தாலும் இழப்பைக் குறைக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிடதி தரும் பாடம்

பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையில், தட்டு இட்லிக்குப் பெயர்பெற்ற பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்துள்ளது. 1997இல் உருவான இந்நிறுவனம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் முதல் வண்டியான குவாலிஸை வெளியிட்டது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய ஒரு பழைய தலைமுறை வண்டியின் இந்திய வடிவம் அது. பெட்டி போன்ற தோற்றமும் எளிய டீசல் எஞ்சினும் கொண்டது. தோற்றப் பொலிவால் அது விற்கவில்லை. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் ஓடியும் பழுதின்றி நின்றதே அதன் வலிமை. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் இரவுப் பணியாளரை ஏற்றி இறக்கப் பயன்படுத்திய வண்டிகளில் குவாலிஸ் முதன்மையானதாயிற்று.

2005ஆம் ஆண்டில் நிறுவனம், நன்கு விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு, அதனினும் விலை கூடிய இன்னோவாவைக் கொண்டுவந்தது. பார்வைக்கு இது துணிச்சலான முடிவே. எனினும் இன்னோவா வென்றது. அவ்வெற்றிக்கான காரணங்களை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உண்மையிலேயே அமர முடிந்தது. இரண்டாவது, குவாலிஸ் ஈட்டிய நம்பிக்கை புதிய வண்டிக்கும் மரபுரிமையாகச் சென்றது. மூன்றாவதே கடன் பெறுவோருக்கு மிக முக்கியமானது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் அதனை விற்க முற்பட்டபோது, வாடகை வண்டித் தொழிலரும் பெரிய குடும்பத்தினரும் வாங்கக் காத்திருந்தனர். 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டு, நகரிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் வாடகைப் பயணம் பெருகியபோது அத்தேவை மேலும் வலுத்தது. இரண்டாம் கை வாங்குவோர் நிறைந்த வண்டியின் மறுவிற்பனை மதிப்பு எளிதில் சரிவதில்லை.

2016இல் இன்னோவா கிரிஸ்டாவும், 2022 நவம்பரில் இன்னோவா ஹைகிராஸும் அறிமுகமாயின. ஹைகிராஸ் பல வகையில் பழைய மரபிலிருந்து விலகியது. தனி சேசிஸ் மீது உடற்பகுதி அமர்த்தும் முறை கைவிடப்பட்டது. பின்சக்கர இயக்கம் முன்சக்கர இயக்கமாயிற்று. டீசல் எஞ்சினுக்கு மாற்றாகப் பெட்ரோலும், பெட்ரோலோடு மின்மோட்டார் இணைந்த ஹைபிரிட் வகையும் வந்தன. அந்நிறுவனமேகூட வாடிக்கையாளர் அனைவரும் உடனே மாறிவிடுவர் எனக் கருதவில்லை. 2023இல் டீசல் கிரிஸ்டாவையும் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே நிறுத்தியது. பெயர் பெற்ற நிறுவனமே இத்துணை எச்சரிக்கையாக இருக்கும்போது, வாங்குபவர் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

நிலைக்காத வண்டிகள்

இதே சந்தையில் நுழைந்து நிலைபெறாமல் போன வண்டிகளின் பட்டியலும் நீளமானது. நிசான் எவாலியா 2012இலும், செவ்ரோலே என்ஜாய் 2013இலும், ஹோண்டா மொபிலியோ 2014இலும், ரெனோ லாட்ஜி 2015இலும் வெளிவந்தன. மொபிலியோவின் விற்பனை மூன்றாண்டுகளுக்குள் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய விற்பனையையே நிறுத்தியதால் என்ஜாய் மறைந்தது. லாட்ஜி 2020இல் விடைபெற்றது. 2018இல் வெளிவந்த மஹிந்திரா மராஸோ, மோதல் பாதுகாப்புச் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றும், பின்னர் விலக்கப்பட்டது.

இவற்றுள் எதனையும் தரக்குறைவான வண்டி என்று சொல்லிவிட முடியாது. இடவசதியிலும் எரிபொருள் சிக்கனத்திலும் சில வண்டிகள் பாராட்டப்பட்டன. ஆயினும், வேன் போலத் தோன்றும் வண்டியைச் சொந்தக் குடும்பத்துக்கு வாங்கப் பலர் தயங்கினர். அவ்விலைக்கு உயரமான எஸ்.யூ.வி. கிடைத்தபோது அதனையே நாடினர். வாடகைத் தொழிலரோ பழகிய வண்டியை விட்டு விலகவில்லை. குடும்பமும் தொழிலரும் ஆகிய இரு கரைகளிலும் கால் ஊன்றாத வண்டிக்கு இச்சந்தையில் இடம் குறுகியது. 2014இல் ஏழாண்டுக் கடனில் மொபிலியோ வாங்கிய ஒருவரின் தவணை 2021 வரை நீண்டிருக்கும். வண்டியோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே விற்பனையகத்திலிருந்து நீங்கிவிட்டது.

புதியவை வெல்லவே முடியாதா?

முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2012 ஏப்ரலில் வெளிவந்த மாருதி சுஸுகி எர்டிகா, இன்னோவாவோடு நேருக்கு நேர் மோதவில்லை. ஐந்து இருக்கை செடான் கார் வாங்கும் தொகையில் ஏழு இருக்கைகளை அளித்தது. நாடெங்கும் பரவிய பணிமனைகள் அதற்குத் துணைநின்றன. 2020இல் பி.எஸ்.6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அந்நிறுவனம் டீசலைக் கைவிட்டது, பெட்ரோலும் சி.என்.ஜி. வாயுவும் கொண்டே எர்டிகா தொடர்ந்து விற்றது. சி.என்.ஜி. வகையை வாடகைத் தொழிலர் விரும்பினர். பெட்ரோல் வகையைக் குடும்பங்கள் விரும்பின. இரு கரைகளிலும் கால் ஊன்றிய வண்டி அது.

2022 பிப்ரவரியில் வந்த கியா காரென்ஸ், ஆந்திரத்தின் பெனுகொண்டாவில், பெங்களூர் – ஐதராபாத் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆலையில் தயாராகிறது. வேன் தோற்றத்தைத் தவிர்த்து எஸ்.யூ.வி. சாயலைத் தந்ததாலும், மூன்றாம் வரிசைக்குள் நுழைவதை எளிதாக்கியதாலும் குடும்பங்களின் கவனத்தை ஈர்த்தது. ஆக, தெளிவான ஒரு தேவையை நிறைவு செய்யும் புதிய வண்டிக்கு வாய்ப்பு உண்டு.

கடன் கணக்கு

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விற்பனையக விலை 12 இலட்சம் ரூபாய் உள்ள வண்டிக்கு 10 இலட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு எனவும் கொள்வோம்.

ஐந்தாண்டுக் கடனாயின் மாதத் தவணை ஏறத்தாழ 20,758 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 2.46 இலட்சம். ஏழாண்டுக் கடனாயின் தவணை 16,089 ரூபாயாகக் குறையும், வட்டியோ 3.51 இலட்சமாக உயரும். மாதம் 4,669 ரூபாய் குறைவாகச் செலுத்தும் வசதிக்கு நாம் தரும் விலை ஏறத்தாழ 1.06 இலட்சம் ரூபாய்.

இதனினும் கவனிக்கத்தக்கது நிலுவைத் தொகை. நான்கு ஆண்டுகள் முடிந்த நிலையில் ஐந்தாண்டுக் கடனில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 2.37 இலட்சம். ஏழாண்டுக் கடனில் எஞ்சியிருப்பதோ 5.06 இலட்சம்.

இத்தொகையைக் காப்பீட்டு மதிப்போடு ஒப்பிடுவோம். ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு, வண்டியின் வயதுக்கேற்ப வகுக்கப்பட்ட தேய்மான அட்டவணைப்படி குறைகிறது. நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாம் ஆண்டில் உள்ள வண்டிக்குத் தேய்மானம் 50 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டு வண்டியின் மதிப்பு அப்போது 6 இலட்சம். ஏழாண்டுக் கடன் பெற்றவருக்கு நிலுவைக்கும் மதிப்புக்கும் இடையே இருப்பது ஓர் இலட்சத்துக்கும் குறைவான இடைவெளியே. வண்டி விலக்கப்பட்டுச் சந்தை விலை மேலும் சரிந்தால் அவ்விடைவெளியும் மறைந்துவிடும். விற்றாலும் கடன் முழுமையாகத் தீராது என்ற நிலை அப்போது ஏற்படும். மேலும், ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கும் அட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பாகக் கொள்ளப்படும்.

வரியும் மாநில எல்லையும்

சாலை வரியாகச் செலுத்தும் தொகை, வண்டியை விற்கும்போது முழுமையாகத் திரும்புவதில்லை. கர்நாடகத்தில் 10 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடைப்பட்ட விலையுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஆயுட்கால வரி 17 விழுக்காடு என்ற விகிதத்தில் வசூலிக்கப்பட்டு வருகிறது. அவ்வரியின் மீது கூடுதல் தீர்வையும் உண்டு. 12 இலட்ச வண்டிக்கு வரி மட்டுமே 2 இலட்சத்தைத் தாண்டும். பதிவுக்கு முன் நடப்பு விகிதத்தை உறுதிசெய்துகொள்வது நலம்.

சிலர் தமிழ்நாட்டில் பதிவு செய்து பெங்களூரில் ஓட்ட எண்ணுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்தில் புதிய பதிவெண் பெற வேண்டும். கடன் நிலுவையில் உள்ளபோது இதற்கு வங்கியின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி மாற்றியமைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு முன்பிருந்த இழப்பீட்டுத் தீர்வை நீக்கப்பட்டு, வரி 40 விழுக்காடாயிற்று. நான்கு மீட்டருக்குள் அடங்கிய ரெனோ டிரைபர் போன்ற சிறு வண்டிகளுக்கு அது 18 விழுக்காடு. புதிய வண்டியின் விலை குறையும்போது பழைய வண்டியின் விலையும் உடன் இறங்கும் என்பதையும் மறுவிற்பனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள மூத்தவரை விற்பனையகத்துக்கு அழைத்துச் சென்று மூன்றாம் வரிசையில் ஏறி அமரச் செய்க. முழங்கால் இடமும் குளிர்காற்றும் அங்கு எட்டுகின்றனவா, பக்கவாட்டுக் காற்றுப்பைகள் அவ்வரிசை வரை நீள்கின்றனவா எனக் காண்க.

2. எல்லா இருக்கைகளும் விரிந்த நிலையில் பெட்டிகளுக்கு எஞ்சும் இடத்தை அளந்தறிக. எர்டிகாவில் அது 209 லிட்டர். டிரைபரில் 84 லிட்டர் மட்டுமே. ஆறு பேரின் ஊர்ப் பயணத்துக்கு இவ்வேறுபாடு பெரிது.

3. வாடகைத் தொழிலர் அவ்வண்டியை வாங்குகின்றனரா என விசாரிக்க. அவர்கள் வாங்கும் வண்டிக்கு உதிரிபாகமும் கைதேர்ந்த பழுதுநீக்குநரும் சிற்றூர்களிலும் கிடைப்பர்.

4. பயணம் செல்லும் வழியிலும் சொந்த ஊரிலும் அந்நிறுவனத்தின் பணிமனை உள்ளதா எனப் பார்க்க.

5. வெளிவந்து ஓராண்டுகூட நிறைவடையாத வண்டியாயின், முன்பணத்தை உயர்த்திக் கடனை ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்துக்கொள்க. நெடுங்காலம் நிலைபெற்ற வண்டிக்கு இக்கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தலாம்.

6. வட்டி நிலையானதா, மாறக்கூடியதா, கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டறிக. கடன் தீர்ந்ததும் வங்கியின் சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் பெற்று, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிக்கொள்க. அது நீங்காத வண்டியை விற்பது கடினம்.

புதிய வண்டி சந்தையில் வெல்லுமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. பட்டறிவுள்ள நிறுவனங்களே அதில் தடுமாறியுள்ளன. ஆனால் முன்பணமும் கடன் காலமும் நம் கையில் உள்ளவை. நான்காம் ஆண்டின் இறுதியில் வண்டியின் மதிப்பைவிடக் கடன் நிலுவை கணிசமாகக் குறைந்திருக்குமாறு அவ்விரண்டையும் அமைத்துக்கொண்ட குடும்பத்துக்கு, வண்டி நிலைத்தாலும் விலக்கப்பட்டாலும் பெரும் இழப்பு நேராது. கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் இக்கணக்கைத் தங்கள் வங்கிக் கிளை அலுவலரோடு அமர்ந்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.